கோடை வந்தது, கூடவே சொந்தமும்

ஜூலையும் ஆகஸ்டும் வந்துவிட்டால் பிரான்ஸ் நாட்டுப்புறத்து வீடுகளில் காலியாக ஒரு கட்டிலைப் பார்க்க முடியாது. பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. பாரிஸிலிருந்து தம்பி குடும்பம், லண்டனிலிருந்து அக்கா, புதுச்சேரியிலிருந்தோ சென்னையிலிருந்தோ அப்பா அம்மா. கிராமங்களில் குடியேறிய நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சந்தோஷமும் இருக்கிறது, மலைப்பும் இருக்கிறது. என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: வீட்டு நடைமுறையை வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வேலையில் பங்கு கொடுங்கள். உபசரிப்பவர் களைத்து விழுந்தால் அது உபசாரம் ஆகாது.

கே: "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள். என் நாத்தனார் குடும்பம் மூன்று வாரம் தங்கப் போகிறது. எப்படிச் சமாளிப்பது? – ஓவெர்ஞ் பகுதியிலிருந்து ஒரு வாசகி

ப: முதல் மூன்று நாள் விருந்தாளி, நான்காம் நாளிலிருந்து வீட்டு மனிதர். இதை நான்காம் நாள் முகம் சுளித்துச் சொன்னால் மனம் புண்படும். அவர்கள் கிளம்பும் முன்பே தொலைபேசியில் சிரித்துப் பேசிச் சொன்னால் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார்கள். ஆளுக்கொரு பொறுப்பு கொடுங்கள். பெரிய பையனுக்குக் காலையில் ரொட்டி வாங்கி வரும் வேலை. அவன் அப்பாவுக்குக் காலி கண்ணாடிப் புட்டிகளை ஊர்முனைத் தொட்டியில் போட்டுவிட்டு வரும் வேலை. நாத்தனாருக்கு ஒரு வேளைச் சமையல். ரொட்டிக்கடைக்கு வாரத்தில் என்றைக்கு விடுமுறை என்பதைக்கூட அந்தப் பையனே நினைவில் வைத்திருக்கட்டும். கையில் ஒரு பொறுப்பு இருந்தால் அடுத்தவர் வீட்டில் கூச்சம் இருக்காது.

கே: ஊரிலிருந்து அப்பா அம்மா முதல்முறையாக வருகிறார்கள். விசாவுக்கு நான் என்ன செய்து தர வேண்டும்? – லிமோஜ் அருகிலிருந்து ஒரு மகள்

ப: உங்கள் ஊர் நிர்வாக அலுவலகமான 'மேரி' தருகிற வரவேற்புச் சான்று, அதாவது 'அத்தெஸ்தாசியோன் தக்கய்', வாங்கித் தர வேண்டும். அதற்கு நீங்களே நேரில் போக வேண்டும். அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வருமானச் சான்று, 30 யூரோ வரிமுத்திரை ஆகியவை கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தை மறுத்தாலும் அந்த 30 யூரோ திரும்பி வராது. கணவன் மனைவி இருவரையும் ஒரே சான்றில் சேர்க்கலாம். தங்க இடம் போதுமா என்று வீட்டைப் பார்த்துவரச் சொல்லவும் மேயருக்கு அதிகாரம் உண்டு. கேட்டால் தயங்காமல் காட்டுங்கள். சின்ன கிராமத்து மேரி வாரத்தில் சில அரைநாட்கள்தான் திறந்திருக்கும். ஆகவே கோடைப் பயணத்துக்கு வசந்த காலத் தொடக்கத்திலேயே படியேறிவிடுங்கள். அசல் சான்று ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். நகலை நம்ப வேண்டாம். விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

கே: அம்மா பெட்டியில் நெய், பால்கோவா, கறிவேப்பிலை, மாம்பழம் எல்லாம் அடுக்கியாயிற்று. வரவிடுவார்களா? – அதே மகள்

ப: நான்கையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக் கூடாது. 2019 டிசம்பரிலிருந்து பழம், காய், இலை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே தேங்காய் வரட்டும். சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடி, அப்பளம் வரட்டும். கறிவேப்பிலையைப் பாரிஸ் வழியாக வருகிற யாராவது அங்குள்ள லா ஷப்பெல் கடைகளில் வாங்கி வரட்டும். கழுவி ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் கோடை முழுக்கத் தாளிக்கலாம்.

கே: தம்பி பாரிஸிலிருந்து காரில் வருகிறான். "ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை காலை கிளம்புகிறேன்" என்கிறான். சரியா? – தெற்கு அர்தேஷிலிருந்து ஓர் அண்ணன்

ப: அந்தச் சனிக்கிழமையைத் தவிர எந்த நாளும் சரி. ஜூலை விடுமுறைக்காரர்கள் திரும்புவதும் ஆகஸ்ட் விடுமுறைக்காரர்கள் கிளம்புவதும் ஒன்றாகச் சேர்கிற வாரக்கடைசி அது. லியோனுக்குத் தெற்கே ஏ7 நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் நிற்க நேரும். 1976 முதல் இயங்கும் 'பிசோன் ஃபுத்தே' என்ற அரசுச் சேவை ஒவ்வொரு நாளின் நெரிசலையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்து முன்கூட்டியே சொல்கிறது. கறுப்பு என்றால் வீட்டிலேயே இருக்கலாம். செவ்வாயோ புதனோ கிளம்பச் சொல்லுங்கள். குழந்தைகள் வாடாமல் வந்து சேர்வார்கள்.

கே: பெற்றோர் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். எங்கள் கிராமமோ ரயில் நிலையத்திலிருந்து 25 கிலோமீட்டர். மொழி தெரியாமல் எப்படி வருவார்கள்? – லோத் பகுதியிலிருந்து ஒரு மகன்

ப: நீங்கள் போய் அழைத்து வர முடிந்தால் அதற்கு ஈடு இல்லை. முடியாவிட்டால், இரண்டாம் முனையத்துக்கு அடியிலேயே டிஜிவி என்ற அதிவேக ரயிலுக்கான நிலையம் இருக்கிறது. லியோன், பொர்தோ, அவிஞ்ஞோன், ரென் போன்ற ஊர்களுக்கு அங்கிருந்து நேரடி ரயில்கள் உண்டு. பாரிஸ் நகருக்குள் போய்ப் பெட்டிகளோடு நிலையம் மாற வேண்டாம். விமானம் இறங்குவதற்கும் ரயிலுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர்ச் சீட்டு கட்டாயம். ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண் மூன்றையும் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் தீராது. கிராமத்து நிலைய வாசலில் டாக்ஸி காத்திருக்காது. நீங்களோ பக்கத்து வீட்டாரோ நடைமேடையிலேயே நிற்க வேண்டும்.

கே: எட்டுப் பேர் வீட்டில். காலையில் ஐந்தாவது ஆள் குளிக்கும்போது தண்ணீர் சில்லிட்டுப் போகிறது. பிளம்பரை அழைக்கவா? – தார்னிலிருந்து ஒரு வாசகர்

ப: பிளம்பருக்கு வேலையில்லை. நாட்டுப்புற வீடுகள் பலவற்றில் இருப்பது மின்சாரத்தில் சுடும் 200 லிட்டர் தொட்டி. மின்கட்டணம் குறைவாக உள்ள நேரத்தில், பெரும்பாலும் இரவில்தான் அது சூடேறும். தொட்டி காலியானால் அடுத்த இரவு வரை குளிர்நீர்தான். மின்பலகையைத் திறந்து பாருங்கள். நாள்-இரவு மாற்றியில் 0, ஆட்டோ, 1 என்று மூன்று நிலை இருக்கும். விருந்தாளிகள் இருக்கும்போது காலைக் குளியல் முடிந்ததும் அதை 1-க்குத் தள்ளினால் தொட்டி உடனே சூடேறத் தொடங்கும், மாலைக்குள் தயார். பிறகு ஆட்டோவுக்குத் திருப்பிவிடுங்கள். இன்னொன்று: குழந்தைகள் மாலையில் குளிக்கட்டும். நாள் முழுக்க மண்ணில் புரண்டவர்கள் குளிக்காமல் படுத்தால் படுக்கை விரிப்பைத் துவைக்கும் வேலையும் உங்களுடையதுதான். அடுப்பு, துவைக்கும் இயந்திரம், மின்கெட்டில் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் சிறிய மின் இணைப்பு தாங்காமல் விழும். சமையலறைச் சுவரில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்.

கே: "காற்று வரட்டும்" என்று மாமியார் மதியம் பன்னிரண்டுக்கு ஜன்னலையெல்லாம் திறந்துவிடுகிறார். வீடு அனலாகிறது. எப்படிச் சொல்வது? – தொர்தோஞ்சிலிருந்து ஒரு மருமகள்

ப: சொல்வதைவிட ஒரு நாள் கூடவே சுற்றிக் காட்டுங்கள். காலை ஒன்பதுக்கு முன் கிழக்குப் பக்க மரக் கதவுகளைச் சாத்துங்கள், பிறகு தெற்கு, வெயில் திரும்பும்போது மேற்கு. கண்ணாடியும் மூடியிருக்க வேண்டும், வெளியே இருக்கும் மரக் கதவும் மூடியிருக்க வேண்டும். அரை மீட்டர் தடிமனுள்ள கல்சுவர் இரவில் வாங்கிய குளிர்ச்சியைப் பகலெல்லாம் வைத்துக்கொள்ளும், நாம் உள்ளே வெயிலை விடாதவரை. பிற்பகல் மூன்று மணிக்கு அவர் கையை வெளிச்சுவரிலும் உள்சுவரிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. சூரியன் இறங்கி வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து போடுங்கள். ஏர்கண்டிஷனர் இல்லாத கிராமத்து வீட்டுக்கு அதுதான் மூச்சு. நாளையிலிருந்து இந்த மரக் கதவுப் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள்.

கே: எழுபது தாண்டிய அப்பா, "சென்னை வெயிலைப் பார்த்தவன் நான், இது என்ன வெயில்" என்கிறார். விட்டுவிடலாமா? – கார் மாவட்டத்திலிருந்து ஒரு மகள்

ப: கூடாது. 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்து வெரார்க் கிராமத்தில் 46 டிகிரி பதிவாயிற்று. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் இந்த நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். சென்னை வீட்டில் தலைக்கு மேல் மின்விசிறி சுழலும். இங்கே மாடி அறையில் நேராக ஓட்டுச் சூடு இறங்கும். அப்பாவின் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீரும் மோரும் கொடுங்கள். ஈரத் துணியால் கை, கழுத்து துடைத்துவிடுங்கள். மெத்தியோ பிரான்ஸ் தினமும் வெளியிடும் எச்சரிக்கை நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் பகலில் வெளியே போக வேண்டாம். அவருடைய மருந்துச் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். இந்திய வணிகப் பெயர் இங்குள்ள மருந்துக்கடையில் புரியாது. அவசரம் என்றால் 15 அல்லது 112. இந்த எண்களோடு வீட்டு முகவரியையும் தொலைபேசி அருகில் எழுதி வையுங்கள். அப்பாவைக் கவனிக்கிற கையோடு, தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் தினம் ஒரு தரம் கதவைத் தட்டிப் பாருங்கள்.

கே: அதிகாலைச் சேவலும் கோயில்மணியும் அக்கா குடும்பத்தைத் தூங்கவிடவில்லை. புகார் செய்யலாமா? – ஷராந்திலிருந்து ஒரு தம்பி

ப: சேவல் ஏற்கெனவே வழக்கில் ஜெயித்துவிட்டது. ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் கூவுவதை எதிர்த்து விடுமுறை வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கில், 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவல் பக்கமே தீர்ப்பளித்தது. நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாக ஏற்கும் சட்டம் 2021 ஜனவரி 29 அன்று வந்தது. அக்காவுக்குக் காதில் வைக்கும் பஞ்சு வாங்கிக் கொடுங்கள், மணிக்கூண்டுக்கு எதிர்ப்பக்க அறையைக் கொடுங்கள். பிள்ளைகளைச் சேவல்காரர் வீட்டுக்கு அழைத்துப் போய் அறிமுகம் செய்து வையுங்கள். முட்டையும் கிடைக்கும்.

கே: என் மாமியார் சுத்த சைவம். இங்கே எதில் மாமிசம் ஒளிந்திருக்கிறது? – லோசேரிலிருந்து ஒரு மருமகள்

ப: கீஷ் லொரேனில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கும். கடைப் பயறுக் கலவைகளில் தொத்திறைச்சி இருக்கும். மிருதுவான மிட்டாய்கள், சில பால் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். கோம்தே போன்ற பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்தே உறையவைக்கிறார்கள். இதை மறைக்காமல் சொல்லி, சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவரிடமே விடுங்கள். கிடைப்பதோ ஏராளம். ஆகஸ்ட் சந்தையில் கத்தரி, தக்காளி, பீன்ஸ், சுரைக்காயைப் போலவே சமைக்கக்கூடிய கூர்ஜெத், பச்சைநிறப் பிளம் பழங்கள். லெ புய் ஊரின் பச்சைநிற லென்டில் பயறு வெந்தும் குழையாது, சுண்டலுக்குப் பொருந்தும். சாம்பாருக்குச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சிவப்புப் பருப்பு. தேங்காய்ப்பால் டின்னில் வரும். வெறும் தயிர் எங்கும் உண்டு.

கே: நான்கு குடும்பமாக ஓட்டலுக்குப் போனோம். மணி இரண்டரை. "சமையலறை மூடியாயிற்று" என்று அனுப்பிவிட்டார்கள். – ஜெர்ஸிலிருந்து ஒரு வாசகர்

ப: கிராமத்தில் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. ஒன்றரைக்குள் மேசையில் இருக்க வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் என்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். கோடையில் தென்மேற்குக் கிராமங்களில் நடக்கும் இரவுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஊர்ச் சதுக்கத்தில் நீண்ட மேசைகள் போட்டிருப்பார்கள். தட்டு, கத்தி, முள்கரண்டி, குவளைகளைக் கூடையில் நீங்களே கொண்டுபோக வேண்டும். ஒருவர் வறுத்த உருளைக்கிழங்குக்கு வரிசையில் நிற்க, ஒருவர் தர்பூசணிக்கு நிற்க, பாட்டி மேசையில் இடம் பிடித்து வைத்திருப்பார். குழந்தைகள் ஓடலாம், பாட்டு இருக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத குடும்பமும் பேச்சுக் கொடுக்கும்.

கே: சர்லா சந்தையில் தக்காளியை அமுக்கிப் பார்த்த சித்தியைக் கடைக்காரர் அதட்டிவிட்டார். – தொர்தோஞ்சிலிருந்து ஒரு வாசகி

ப: இங்கே பழத்தைப் பொறுக்குவது கடைக்காரர். முதலில் 'போன்ஷூர்', பிறகு "இன்றைக்குச் சாப்பிடவா, இரண்டு நாள் கழித்தா" என்பதைச் சொன்னால் அதற்கேற்ற பதத்தில் எடுத்துத் தருவார். சித்திக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுங்கள். புதன், சனிக் காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடமும் இருக்காது, நிழலும் இருக்காது. சில்லறை கையில் இருக்கட்டும்.

கே: வந்தவர்களைத் தினம் எங்காவது அழைத்துப் போக வேண்டுமா? – கொரேஸிலிருந்து ஒரு வாசகர்

ப: ஒரு நாள் ஊர்சுற்றல், மறுநாள் வீடு. இதற்குமேல் போனால் பெரியவர்களுக்குக் கால்வலி, உங்களுக்கு முதுகுவலி. பக்கத்திலேயே பார்க்க வேண்டியது நிறைய. வெயில் நாளுக்குக் குகை நல்லது: பாதிராக் பாதாளத்தில் தரையிலிருந்து 103 மீட்டர் ஆழத்தில் ஓடும் ஆற்றில் படகில் போகலாம். உள்ளே எப்போதும் 13 டிகிரி, ஆகவே தாத்தாவுக்கு ஸ்வெட்டர் எடுங்கள். படிகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்யுங்கள். லஸ்கோவின் அசல் குகை 1963 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2016 டிசம்பரில் மொந்திஞாக்கில் திறந்த முழு அளவு மாதிரியில் ஓவியங்களைப் பார்க்கலாம். உங்கள் மாவட்டத்து கொலோஞ் லா ரூஜ், செம்மணற்கல்லால் எழுந்த கிராமம். 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கம் 1982-இல் அங்கேதான் பிறந்தது. மாலை ஐந்துக்குமேல் போனால் கல்லின் நிறமும் நன்றாக இருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும்.

கே: தோட்டத்தில் நீச்சல்குளம் இருக்கிறது. அண்ணன் பிள்ளைகள் மூவரும் வருகிறார்கள். – வோக்லூஸிலிருந்து ஒரு தங்கை

ப: சட்டம் முதலில். தரைக்குள் கட்டிய தனியார் குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூரை நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது 2003 ஜனவரி 3 சட்டம். இல்லாவிட்டால் அபராதம் 45,000 யூரோ வரை. ஆனால் கருவியைவிடக் கண் முக்கியம். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள். அரை மணிக்கு ஒருவராகப் பெயர் சொல்லி முறை வையுங்கள். முறை உள்ளவர் கையில் கைப்பேசி கூடாது. குளித்து முடித்ததும் பொம்மைகளை நீரிலிருந்து எடுத்துவிடுங்கள். மிதக்கும் பந்துதான் சின்னக் குழந்தையைக் குளத்தருகே இழுக்கும்.

கே: ஆற்றில் குளிப்பது? – லோத்திலிருந்து ஒரு சித்தப்பா

ப: ஊர் நிர்வாகம் அனுமதித்த, காவலர் இருக்கிற இடத்தில் மட்டும். அணைக்குக் கீழே ஓடும் ஆறுகளின் கரையில் மின்நிறுவனம் நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே நீர்மட்டம் திடீரென உயரக்கூடும். கரைப்புல்லில் விளையாடி வந்த பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதோரம் பார்த்து உண்ணி இருந்தால் அகற்றுங்கள். அதற்கான கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும். கடித்த இடத்தில் சில நாளிலோ சில வாரத்திலோ சிவப்பு வளையம் விரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கே: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கழிவு, சாக்கடைக்குப் போகாமல் தோட்டத்துத் தொட்டிக்குப் போகிறது. பன்னிரண்டு பேர் வந்தால் தாங்குமா? – மயேனிலிருந்து ஒரு வாசகி

ப: கூச்சம் வேண்டாம், மிக நல்ல கேள்வி. தொட்டியில் கழிவைச் சிதைப்பவை நுண்ணுயிர்கள். ஈரத்துடைப்பான், சானிட்டரி நாப்கின், சமையல் எண்ணெய் மூன்றும் உள்ளே போகக் கூடாது. குடம் குடமாக பிளீச் ஊற்றினால் அந்த நுண்ணுயிர்கள் செத்துவிடும். கழிப்பறையில் மூடியுள்ள சிறு குப்பைக்கூடையும், கதவுக்குப் பின்னால் ஒரு அறிவிப்பும் வையுங்கள். நம் பெரியவர்களுக்காக ஒரு குவளை வைக்க மறக்காதீர்கள். பிரெஞ்சு வீடுகள் பலவற்றில் கழிப்பறை தனியாகவும் குளியலறை தனியாகவும் இருப்பதால் உள்ளே குழாயே இருக்காது. வாங்கி மாட்டக்கூடிய சிறு கைத்தெளிப்பான் வன்பொருள் கடையில் உண்டு. தொட்டியைக் காலி செய்து நாளாகியிருந்தால் ஜூனிலேயே ஆளை அழையுங்கள்.

கே: மைத்துனர் என் காரை ஓட்டட்டுமா? – ஜூராவிலிருந்து ஒரு வாசகர்

ப: முதலில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். அடுத்தவர் ஓட்டும்போது விபத்தானால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை கூடலாம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். சாலை வலப்பக்கம். கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அது டிராக்டராக இருந்தாலும். நாட்டுப்புறச் சாலையில் பொதுவாக 80, சில மாவட்டங்களில் 90. முதல் நாள் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

கே: மளிகைச் செலவை எப்படிப் பேசுவது? சொந்தத்துக்குள் கணக்கா? – நியேவ்ரிலிருந்து ஒரு அண்ணி

ப: கணக்கு பேசாததால்தான் சொந்தம் கசக்கிறது. பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காதீர்கள். சம்பாதிக்கிற உடன்பிறந்தவர்கள் வந்த அன்றே ஆளுக்குச் சம அளவு ஒரு டப்பாவில் போடட்டும், சந்தைக்குப் போகிறவர் அதிலிருந்து எடுக்கட்டும். ரசீதை டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். மூத்த அண்ணியாக இதை நீங்களே தொடங்கிவைத்தால் யாருக்கும் மனக்குறை வராது.

கே: எனக்கு லீவு கிடைக்கவில்லை. வந்தவர்களை விட்டுவிட்டு வேலைக்குப் போவது மரியாதைக் குறைவா? – ஓர்னிலிருந்து ஒரு மகன்

ப: இல்லை. சாவி ஒன்று, ரொட்டிக்கடைக்கு வழி, பக்கத்து வீட்டாரின் பெயர், மதியச் சாப்பாடு. இந்த நான்கும் இருந்தால் அவர்களுக்குப் பகல் இனிதாகக் கழியும். ஜூன் கடைசியில் இரவு பத்து மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. ஆறு மணிக்கு நீங்கள் திரும்பினாலும் அவர்களோடு கழிக்க வெளிச்சம் நிறைய மிச்சமிருக்கும்.

கே: இருபது பேர், மாலை விருந்து, பாட்டு. அக்கம்பக்கம் என்ன சொல்லும்? – லாந்திலிருந்து ஒரு வாசகர்

ப: அழைத்தால் வாழ்த்தும், அழைக்காவிட்டால் முணுமுணுக்கும். விருந்துக்கு முன்னமே வேலிக்கு இருபுறமும் உள்ள வீடுகளுக்குப் போய்ச் சொல்லி, 'அப்பெரோ', அதாவது உணவுக்கு முந்தைய பான நேரத்துக்கு அழையுங்கள். இரவு பத்துக்குமேல் பாட்டை நிறுத்துங்கள். இரவுச் சத்தத்துக்கு அபராதம் உண்டு. காட்டுக்குப் பக்கம் இருப்பதால் தீ மூட்டும் முன் பிரெஃபெக்சர், அதாவது மாவட்ட நிர்வாகத்தின் ஆணையைப் பாருங்கள். 2022 ஜூலையில் உங்கள் அடுத்த மாவட்டமான ஜிரோந்தில் சுமார் 20,000 ஹெக்டேர் காடு எரிந்தது. கறி சுடும் அடுப்பிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும். தண்ணீர்க் கட்டுப்பாடும் இருக்கலாம். 'விஜியோ' என்ற அரசு இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால், இன்று தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாமா, காரைக் கழுவலாமா என்பது தெரிந்துவிடும்.

கே: ஆகஸ்ட் 15 விடுமுறை. என் பிரெஞ்சு மாமனார் மாமியாரும் ஊரிலிருந்து வந்த என் அம்மாவும் முதல்முறையாக ஒரே மேசையில். அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. – பெரி பகுதியிலிருந்து ஒரு மருமகள்

ப: மேசையில் அம்மாவுக்கு இருக்கையோடு ஒரு பங்கும் கொடுங்கள். அப்பெரோவுக்கு அவர் கையால் சுட்ட மெதுவடை வரட்டும், சூடாக, கல்சட்டியில் சட்னியோடு. மாமியார் செய்முறை கேட்பார், இருவரும் அடுப்படிக்குப் போவார்கள், அங்கே மொழி தேவைப்படாது. மதிய விருந்து மூன்று நான்கு மணி நேரம் ஓடும், ஒவ்வொரு பதார்த்தமாக வரும் என்பதை அம்மாவுக்கு முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் தட்டிலேயே வயிறு நிறைய உண்டுவிடுவார். இரு பக்கத்துக்கும் மொழிபெயர்க்கும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விடுங்கள். நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கே: கட்டில் ஆறு, வருபவர்கள் பதினொன்று. தரையில் படுக்கவைப்பதா? – அவேரோனிலிருந்து ஒரு வாசகி

ப: பிள்ளைகளைத் தரையில் படுக்கவையுங்கள், குதூகலிப்பார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கட்டில். இளம் தம்பதிக்குப் பக்கத்தில் ஒரு கோடை வீடு, அதாவது ழீத், வாடகைக்கு எடுங்கள். கோடை உச்சத்தில் பெரும்பாலும் சனியிலிருந்து சனி வரை வாரக்கணக்கில்தான் விடுவார்கள், ஆகவே விமானச் சீட்டுக்கு முன்பே தேதி பேசுங்கள். வாடகை வீட்டுக்குச் சுற்றுலா வரி உண்டு. உங்கள் வீட்டில் சும்மா தங்கும் சொந்தத்துக்கு அது கிடையாது.

கே: அடுத்த ஆண்டும் வருவார்கள். பேச்சை எப்போது எடுப்பது? – பல வாசகர்கள்

ப: ஜனவரியில். யார், எப்போது, எத்தனை நாள் என்பது அப்போதே முடிவானால் மேரிச் சான்று, விசா, ரயில், ழீத் எல்லாம் நிதானமாக நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்கள் ஜூலையிலோ ஆகஸ்டிலோ வரட்டும், வேறு வழியில்லை. பெரியவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர்களைச் செப்டம்பரில் அழையுங்கள். வெயில் தணிந்திருக்கும், சாலை காலியாக இருக்கும், சந்தையில் அத்தியும் திராட்சையும் குவிந்திருக்கும். எட்டுப் பேருக்குச் சமைக்கும் அவசரம் இல்லாததால் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேச உங்களுக்கும் நேரம் கிடைக்கும். அவர்கள் அத்தனை தூரம் வருவது அதற்காகத்தான்.